ஒரு மாணவியின் மௌனம்: சிந்தனை நடத்தைச் சிகிச்சையில் பிரச்சினை வரைவு

நோய் எது, அதன் காரணம் எது, அதைத் தணிக்கும் வழி எது என்று முறையாக ஆராய்ந்து, பின்னரே பொருந்திய மருத்துவம் செய்ய வேண்டும் என்று கூறும் 948ஆம் குறளைப் பள்ளியில் மனனம் செய்யாதவர்கள் நம்மில் குறைவு. தேர்வுக்காகப் படித்த அந்தக் குறளை நான் மீண்டும் நினைத்துப் பார்த்தது, ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்து, 'கேஸ் ஃபார்முலேஷன்' என்ற பாடத்தில் திணறிய நாள்களில்தான். இச்சொல்லைத் தமிழில் சொல்வதே சிரமம். இக்கட்டுரையில் 'பிரச்சினை வரைவு' என்று வைத்துக்கொள்கிறேன். நம் உறுப்பினர்களில் உளவியல், கல்வியியல், மருத்துவம் பயில்பவர்கள் இதனினும் பொருத்தமான சொல்லை ஆக்கித் தந்தால் மகிழ்ச்சியே.

நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது வேறு, வரைவு வேறு. மேடையில் பேச அஞ்சும் இரண்டு மாணவர்களுக்கும் மருத்துவர் 'சமூகப் பதற்றக் கோளாறு' என்று ஒரே பெயரை எழுதலாம். ஆனால், ஒருவர் தம் முகம் சிவப்பதை நினைத்து அஞ்சுகிறார். மற்றவர் தம் கருத்து தவறாகிவிடுமோ என்று அஞ்சுகிறார். இருவருக்கும் ஒரே மருந்து பொருந்துமா? இந்த மனிதருக்கு, இந்தக் காலத்தில், இந்தத் துன்பம் ஏன் வந்தது, வந்தது ஏன் போகாமல் தங்கியிருக்கிறது என்பதற்கு ஆலோசகரும் வந்தவரும் சேர்ந்து எழுதும் தற்காலிக விளக்கமே வரைவு ஆகும். 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். பின்னர் அதற்கு வருவோம்.

சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்று நாம் அழைக்கும் சிபிடியின் முன்னோடி ஏரன் பெக். உளப்பகுப்பாய்வு பயின்ற இம்மருத்துவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வை ஆராய்ந்தபோது, நோயாளிகளின் உள்ளத்தில் கணநேரத்தில் தோன்றி மறையும் எண்ணங்களே அவர்தம் உணர்வைத் திருப்புகின்றன என்பதை 1960களில் கண்டறிந்தார். 1979இல் மூன்று சகாக்களுடன் அவர் வெளியிட்ட மனச்சோர்வுச் சிகிச்சை நூல் இத்துறையின் அடித்தளமாயிற்று. 2021இல் தமது நூறாவது வயதில் அவர் காலமானார். வரைவை ஒரு தனிக் கலையாக விளக்கி ஜாக்குலின் பெர்சன்ஸ் 1989இல் நூல் எழுதினார். பெக்கின் மகள் ஜூடித் பெக் 1995இல் தந்த ஒரு பக்க வரைபடத்தை இன்றும் பயிற்சி மாணவர்கள் நிரப்பிப் பழகுகின்றனர். வரலாறு இவ்வளவு போதும்.

இனி ஒரு மாணவியைப் பார்ப்போம். இவர் ஒருவர் அல்லர். நான் சந்தித்த பலரின் கூறுகளைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி அமைத்த மாதிரி. இதில் வரும் தவறு மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது.

கணக்கியல் இரண்டாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, தேசிய இடைநிலைப்பள்ளி என்று நம்மில் பலர் வந்த பாதையில் வந்தவர். முதல் சந்திப்பிலேயே பருவத்தை ஒத்திவைக்கும் படிவத்தைக் கோப்பில் வைத்திருந்தார். கையொப்பம் மட்டும் பாக்கி. "அக்கா, டுட்டோரியல்ல பேசச் சொன்னா என்னால முடியல. கூட்டாளிங்கள பேசச் சொல்லிட்டு நான் சிலைடு மட்டும் செஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்தேன். இந்தப் பருவம் தனித்தனியா பேசணுமாம்" என்றார். உயர்கல்விக் கடன் என்னாகும், வீட்டில் என்ன சொல்வது என்பதையெல்லாம் அவர் யோசித்தே வந்திருந்தார். அவருக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அந்தப் பத்து நிமிடம்.

வரைவுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது தவறான அச்சம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் பழைய பயத்தால் மறைப்பவர்கள் இன்றும் இருக்கக்கூடும். ஆபத்து இருந்தால் பெட்டி வரைவதெல்லாம் பிறகு. முதலில் பாதுகாப்பு. இம்மாணவியிடம் அத்தகைய எண்ணம் இல்லை. ஆகவே, தாளை எடுத்தோம்.

தொடக்கநிலை ஆலோசகர்கள் "எப்போதிலிருந்து?" என்று ஆரம்பிப்பார்கள். "கடைசியாக எப்போது?" என்று கேட்பதே நல்லது. பொதுவாகச் சொல்லும்போது எவரும் "எப்பவும் பயமா இருக்கும்" என்றுதான் சொல்வர். ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமையைக் கேட்டால் விவரங்கள் வரும். விரிவுரையாளர் இவர் பெயரை அழைத்தார், அது சூழல். 'குரல் நடுங்கப் போகுது, எல்லாரும் பார்க்கப் போறாங்க' என்று தோன்றியது, அது எண்ணம். தொண்டை வறண்டது, காது சூடானது, அது உடல். தலை நிமிராமல் சிலைடை வேகவேகமாக வாசித்து முடித்தார், அது செயல். கிறிஸ்டின் பெடெஸ்கியும் கேத்லின் மூனியும் 1990இல் விளக்கிய ஐந்து கூறுகளில் நான்கு கிடைத்துவிட்டன. ஐந்தாவது, உணர்ச்சி.

நமக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு. "எப்படி உணர்ந்தீங்க?" என்று கேட்டால், "என்னால முடியாதுன்னு ஃபீல் பண்ணேன்" என்று பதில் வரும். அது உணர்ச்சியன்று, எண்ணம். தமிழில் உணர்ச்சிக்குச் சொல் இல்லாமல் இல்லை. கூச்சம், வெட்கம், அச்சம், அவமானம் என்று எத்தனை! இவற்றை ஒரே 'டென்ஷன்' என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். நான் இந்த நான்கு சொற்களையும் தாளில் எழிதிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு 'அவமானம்' என்பதைத் தொட்டார். பேசுவதற்கு முன் அச்சம். பேசி முடித்தபின் அவமானம். இரண்டும் வேறு வேறு நேரத்தில் வருகின்றன என்பதே ஒரு தடயம்.

இனிதான் வரைவின் உயிர்நாடி. பெட்டிகளை நிரப்பினால் வரைவு ஆகாது, அம்புக்குறிகள் வேண்டும். சமூகப் பதற்றம் ஏன் தானாகத் தீர்வதில்லை என்பதற்கு டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் ஒரு விளக்கம் தந்தனர். அஞ்சுபவர், அஞ்சியது நடக்காமலிருக்கச் சில தற்காப்புச் செயல்களைச் செய்கிறார். அவையே அச்சத்தைக் காத்து வளர்க்கின்றன. நம் மாணவியைப் பாருங்கள். நடுக்கம் தெரியாதிருக்க வேகமாகப் பேசுகிறார்; வேகமாகப் பேசுவதால் முன்வரிசையில் இருப்பவர் "மறுபடி சொல்லுங்க" என்கிறார்; அதை அவர் தம் தகுதிக்குறைவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். முகங்களைப் பார்க்க அஞ்சித் தலை குனிகிறார். குனிந்ததால் எவரும் சிரிக்கவில்லை என்பதை அறியும் வாய்ப்பை இழக்கிறார். அந்த வெற்றிடத்தை, கோமாளிபோல் நிற்கும் தம் உருவத்தைக் கற்பனை செய்து நிரப்புகிறார். விடுதிக்குத் திரும்பி, கட்டிலில் படுத்து, நடந்ததை மூன்று மணி நேரம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். அடுத்த வாரம் பேசும்போது அவர் நினைவில் இருப்பது நடந்த வகுப்பன்று. கட்டிலில் தயாரித்த படம்.

இந்தச் சுழலை அம்புக்குறிகளோடு வரைந்து காட்டியபோது, "அப்ப நான் செய்றதுதான் அத உண்டாக்குதா?" என்று கேட்டார். இவ்விடத்தில் கவனம் தேவை. வரைவு குற்றப்பத்திரிகையாகிவிடக் கூடாது. அந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் அவரைக் காப்பாற்றியவை. காரணமில்லாமல் எவரும் அவற்றைச் செய்வதில்லை. இதைச் சொல்லிய பின்னரே தாளை மடித்தேன்.

என் தவறு மறுவாரம் நிகழ்ந்தது. நிகழ்காலச் சுழலுக்கு மேலே வேரை எழுத வேண்டும். இளமை அனுபவம், அதிலிருந்து பிறந்த அடிப்படை நம்பிக்கை, அதைச் சமாளிக்க வகுத்துக்கொண்ட விதிகள். நான் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன்: 'புகுமுக வகுப்பில் கேலி, ஆகவே தாழ்வு மனப்பான்மை, நான் மற்றவர்களைவிடக் குறைந்தவள் என்ற நம்பிக்கை.' எவ்வளவு அழகாகப் பொருந்தியது! பெருமையோடு அவரிடம் காட்டினேன்.

"அக்கா, புகுமுக வகுப்புல என்ன யாரும் கேலி பண்ணலயே. எனக்கு நல்ல கூட்டாளிங்க கிடைச்சதே அங்கதான்."

அந்தக் கதை என்னுடையது. என் பதின்மூன்றாம் வயதை அவர் தாளில் எழுதியிருந்தேன். வந்தவரும் தமிழர், நாமும் தமிழர், ஒரே பாதை என்பதால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எளிதில் வந்துவிடுகிறது. வேற்றினத்து ஆலோசகர் கேட்டறிந்திருக்கக்கூடியதை நான் கேட்காமலே எழுதினேன்.

தாளின் மேல்பகுதியை அழித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்றேன். வந்தது முற்றிலும் வேறு. தமிழ்ப்பள்ளியில் அவர் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கியவர். எழுதி, மனனம் செய்து, கண்ணாடிமுன் ஒப்புவித்து, ஒரு சொல் பிசகாமல் பேசுவார். "பேசினா திறமா பேசணும், இல்லன்னா வாயத் திறக்கக் கூடாது" என்பது அவர் உள்ளத்தில் ஊறிய விதி. பல்கலைக்கழக முதலாண்டில், ஆங்கிலத்தில் மனனம் செய்த உரையில் ஒரு வாக்கியம் மறந்துபோக, அப்படியே நின்றுவிட்டார். விரிவுரையாளர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரை அழைத்தார். அன்று முதல் மௌனம்.

இரண்டு வரைவுகளும் ஒரே நடத்தையைத்தான் விளக்குகின்றன. ஆனால், முதல் வரைவின்படி நான் அவருக்குத் தன்னம்பிக்கை ஊட்டியிருப்பேன். "நீங்கள் எவருக்கும் குறைந்தவர் அல்லர்" என்று வாரந்தோறும் சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டியிருப்பார், படிவத்தில் கையொப்பமும் இட்டிருப்பார். இரண்டாவது வரைவு காட்டுவது, அவர் பேசத் தெரிந்தவர், பிழையோடு பேசத் தெரியாதவர் என்பது. செய்ய வேண்டிய வேலையே மாறிவிடுகிறது. மேலும், அவரது பலமும் தாளில் ஏறிவிட்டது. வில்லெம் குய்க்கன், பெடெஸ்கி, ராபர்ட் டட்லி மூவரும் 2009இல் எழுதிய நூல் வற்புறுத்துவதும் இதையே: வரைவைச் சேர்ந்து எழுது, பலத்தையும் எழுது, நிகழ்வின் விவரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக வேருக்குப் போ. நான் வேரிலிருந்து தொடங்கினேன்.

என்னைப்போல் தடுமாறுபவர்கள் பலர் என்பது ஆய்வுகளிலும் தெரிகிறது. ஒரே நபரைப் பற்றிப் பல சிகிச்சையாளர்களிடம் வரைவு எழுதச் சொன்னால், வெளிப்படையான பிரச்சினைகளில் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். ஆழத்திலுள்ள நம்பிக்கை எது என்பதில் ஒத்துப்போவது குறைகிறது. இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியில் டீட்மர் ஷூல்டேயும் சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், அச்சநோய் உள்ளவர்களுக்கு ஆளுக்கேற்பத் தைத்த சிகிச்சை, எல்லார்க்கும் பொதுவாக வகுத்த சிகிச்சையை வெல்லவில்லை. ஆகவே, எளிய பிரச்சினைக்குச் சோதிக்கப்பட்ட பொது முறை இருக்கையில், அதை விட்டுவிட்டு ஆழ ஆழத் தோண்டுவது ஆலோசகரின் ஆசைக்குத் தீனியே தவிர வேறில்லை என்பது என் கருத்து. நானும் கிளார்க், வெல்ஸ் வகுத்த பொது வரைபடத்தின் மேல்தான் இம்மாணவியின் விவரங்களை ஏற்றினேன்.

வரைவு சரியா என்பதை எப்படி அறிவது? அது ஏதேனும் ஒன்றை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சோதிக்க வேண்டும். எங்கள் வரைவு சொன்னது, மனனத்தையும் வேகத்தையும் விட்டால் பேச்சு இன்னும் தெளிவாகும் என்பது. மாணவி நினைத்தது, விட்டால் கேலிக்கூத்தாகிவிடும் என்பது. காலியான கருத்தரங்க அறையில், இரண்டு தோழியர் முன்னிலையில், ஒரே தலைப்பை இருமுறை மூன்று நிமிடம் பேசினார். முதல்முறை வழக்கம்போல். இரண்டாம்முறை, குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு, முகங்களைப் பார்த்து, வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து. இரண்டையும் கைப்பேசியில் பதிவு செய்தோம். பார்ப்பதற்குமுன், 'நடுக்கம் நூற்றுக்கு எவ்வளவு தெரியும்?' என்று எழுதச் சொன்னேன். 90 என்று எழுதினார்.

அந்நியர் ஒருவரைப் பார்ப்பதுபோல் பதிவைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு 35 என்று திருத்தினார். நடுக்கம் இல்லாமல் இல்லை. அதை நான் மறுக்கவுமில்லை. ஆனால், வழக்கம்போல் பேசிய முதல் பதிவில்தான் பல சொற்கள் விளங்கவில்லை என்று தோழியர் இருவரும் சொன்னார்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திய இடத்தை அவர்கள் கவனிக்கவே இல்லை. மாணவி அந்த இடத்தை மட்டும் மூன்றுமுறை ஓட்டிப் பார்த்தார்.

வரைவில் அன்று ஒரு திருத்தம் செய்தோம். 'திறமா பேசணும்' என்ற விதிக்குப் பக்கத்தில், தமிழில் பேசும்போது இவ்விதி அவருக்கு உதவியது என்று அவரே எழுதச் சொன்னார். அதையும் சேர்த்தேன். ஒத்திவைப்புப் படிவத்தின் இறுதி நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதைக் கிழிக்கச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றாமலில்லை. சொல்லவில்லை. கோப்பிலேயே வைத்திருந்தார். ஏழாம் வாரச் செவ்வாய்க்கிழமை, தம் பெயர் அழைக்கப்பட்டபோது எழுந்து போய் ஒன்பது நிமிடம் பேசினார். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல், தெரியவில்லை என்று சொன்னாராம். வந்து சொன்னபோது, அடுத்த வரைவுத் தாளில் அந்த நிகழ்வை எந்தப் பெட்டியில் எழுதுவது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.