அடிக்கும் அப்பா, தடுக்கும் அம்மா



மெஷின் நின்ற பிறகு ரிப்பேர் பார்ப்பது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வது ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ். இதை எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் எனக்கு முதல் வகை, தங்கைக்கு இரண்டாம் வகை.

நான் வாங்கிய அடிகளுக்கெல்லாம் காரணம் உண்டு. எட்டாம் வகுப்பில் டியூஷன் பணத்தை எடுத்து கிரிக்கெட் மட்டை வாங்கினேன். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். "போதுங்க, பையன் செத்துடப் போறான்" என்று அம்மா குறுக்கே விழுந்தாள். ராத்திரி எனக்கு மட்டும் முட்டை தோசை. அதோடு கேஸ் முடிந்தது.

தங்கையை அப்பா ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் அவள் பெரியவளானதும் நேராகப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். "எங்க போறாளாம், கேளு" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா ஒன்றுக்கு நாலாகக் கேட்பாள். தப்பு நடக்க வேண்டாம், நடந்துடுமோ என்ற பயமே போதும்.

மத்திய அரசு 13 மாநிலங்களில் குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி 2007-ல் வெளியிட்டது. நம் தமிழ்நாடு அதில் இல்லை. அடி உதை பட்ட குழந்தைகளில் 54.68 சதவீதம் பையன்கள். மனதைப் புண்படுத்துவதிலோ இருபாலாருக்கும் சம பங்கு! சிறுமிகளில் 48.4 சதவீதம் பேர், ஆணாகப் பிறந்திருக்கலாம் என்றார்களாம். குறைவாக அடி வாங்கியவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்குப் போன வருஷம்தான் புரிந்தது.

நானும் தங்கையும் திண்டிவனத்தில் படிக்கிறோம். புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கும், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வனில் எனக்கும் மாதம் ஆயிரம். அரசாங்கக் கணக்கில் நாங்கள் சமம். ஒரு வெள்ளிக்கிழமை, "பஸ் ஸ்டாண்டுல நில்லு, சேர்ந்து போகலாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கிரிக்கெட்டில் அடியோடு மறந்துபோனேன். போன் பையில் சைலன்ட்டில் கிடந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தனியாக பஸ் ஏறி எட்டு மணிக்கு வீடு சேர்ந்தாள். நான் ஒன்பதுக்குப் போனேன்.

"மூஞ்சி வாடிக் கிடக்குதே, சாப்டியாடா?" என்றாள் அம்மா. தங்கை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "இனிமே காலேஜு வேணாம்" என்று தீர்ப்பு ஏற்கனவே ஆகியிருந்தது. ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தாள், ஒரு இன்டர்னல் டெஸ்ட் போச்சு. என் பெயரை அவள் சொல்லவே இல்லை.

"ஏன் சொல்லல?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"சொன்னா நீ அடி வாங்குவ, ஒரு நாளோட போயிடும். நான் பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் தனியா நின்னது தெரிஞ்சா, என் படிப்பே நின்னுடும்ணா. அதான் பஸ்ஸே கிடைக்கலன்னு சொன்னேன்."

அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ தப்பு பண்ணா உன்னைத்தான் அடிப்பாரு. அவ மேல ஒரு சொல்லு வந்தா, பொண்ணை வளர்த்த லட்சணத்தைப் பாருன்னு என்னைத்தான்டா கேப்பாங்க." அம்மா அப்பாவுக்குப் பயந்துதான் காவல் காக்கிறாள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். பெல்ட்டை எதிர்பார்த்தேன், எடுக்கவில்லை. வெகுநேரம் பேப்பரையே பார்த்திருந்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமையிலேருந்து அவளைக் காலேஜுக்குப் போகச் சொல்லு" என்றார்.

தங்கை அதே அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.