வெளிநாட்டு வேலை: லீவு கேட்பது நம் உரிமை



"குவைத்துல வீட்டு வேலை. லீவெல்லாம் கேட்கக் கூடாது, அவங்களா கொடுத்தா வாங்கிக்கணும்னு ஏஜெண்டு சொல்றாரு. நெசமா?" என்று குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். ஏஜெண்டு சொன்னது தவறு.

குவைத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 2015-ல் 68-ஆம் எண் சட்டம் வந்தது. அதன்படி:

* ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு தர வேண்டும்.
* வாரம் 1 நாள் சம்பளத்துடன் ஓய்வு.
* வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு.
* ஒப்பந்தம் முடிந்ததும், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 1 மாதச் சம்பளம் பணிக்கொடை.
* பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

சட்டம் இருந்தும் பலருக்கு இவை கிடைப்பதில்லை. நாலு சுவருக்குள் நடப்பது வெளியே தெரியாது அல்லவா? ஆகவே புறப்படும் முன்பே உஷாராக இருப்போம்.

1. ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓய்வு நாள், விடுப்பு, சம்பளம் மூன்றும் அதில் இருக்கிறதா பாருங்கள்.
2. ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா ஜெராக்ஸைக் குழுத் தலைவியிடம் கொடுத்து வையுங்கள்.
3. விசிட் விசாவில் போகாதீர்கள். அதில் வேலை பார்ப்பதே அங்கே குற்றம்; புகார் கொடுக்கப் பயந்து அடங்கிப்போக வேண்டி வரும்.
4. போன இடத்தில் ஓய்வு கிடைத்த நாள், சம்பளம் வாங்கிய தேதியை நோட்டில் குறியுங்கள். பிரச்சினை என்றால் இந்தியத் தூதரகத்தில் காட்ட அதுதான் உதவும்.

குழுவில் பேசுவோம்: நம் ஊரிலிருந்து போனவர்களில் எத்தனை பேருக்கு வார ஓய்வு கிடைத்தது?