பாட்டி சொன்ன பெயர்

பாட்டி அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கினாள். பானையின் விளிம்பு மணிக்கட்டில் பட்டது. தோல் கொப்பளித்தது. ஆனால் பாட்டிக்கு வலிக்கவே இல்லை.

பேத்தி அதைப் பார்த்துவிட்டாள். பாட்டியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கொப்பளத்தைச் சுற்றி வெளிறிய படை இருந்தது.

"இது எத்தனை நாளாக இருக்கிறது, பாட்டி?"

"சும்மா தேமல்தான்." பாட்டி சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.

"தொட்டால் தெரிகிறதா?"

பாட்டியின் கண் கலங்கியது.

"நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் எல்லையில் ஒரு பெரியவர் இருந்தார். தனிக் குடிசை. யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். 'குஷ்டரோகி' என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். நாளைக்கு என்னையும் அப்படித்தானே சொல்வார்கள்?"

"இப்போது அப்படிச் சொல்லக் கூடாது, பாட்டி. தொழுநோய் வந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். காய்ச்சல் வருவதுபோல் இதுவும் ஒரு நோய். மருந்து சாப்பிட்டால் போய்விடும்."

மறுநாள் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அது தொழுநோய்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அன்று இரவு பாட்டி அந்தப் பெரியவரின் பெயரைப் பேத்திக்குச் சொன்னாள்.

சொல் ஏன் மாறியது?

அந்தக் காலத்தில் இந்த நோயைக் குணப்படுத்த நல்ல மருந்து இல்லை. பாவத்தின் பலன் என்று பலர் நினைத்தார்கள். பயம் பேச்சில் ஏறியது. சட்டத்திலும் ஏறியது. 1898இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் போட்டது. இந்த நோய் வந்த ஏழைகளைப் பிடித்து அடைத்து வைக்க அது இடம் கொடுத்தது.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். காந்தியடிகள் சேவாகிராம ஆசிரமத்தில் பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களைத் தம் கையால் கழுவினார். 1980களில் கூட்டு மருந்து வந்தது. பயம் குறைந்தது. பேச்சும் மாறியது.

1898 சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. முன்பு தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க முடியும். 2019 முதல் அப்படிக் கேட்க முடியாது.

ஆனாலும் பழைய சொல் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. அதற்குப் பயந்து நோயை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் நரம்பு கெடும். கைவிரல் மடங்கிப் போகும்.

நினைவில் கொள்வோம்

உணர்ச்சி இல்லாத படை இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மருந்து சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

கலந்து பேசுவோம்

1. பாட்டி படையை ஏன் மறைத்தாள்?
2. உங்கள் பாட்டி காலத்தில் பேசிய எந்தச் சொல்லை இன்று நீங்கள் பேசுவதில்லை? ஏன்?
3. உங்கள் ஊரில் யாரையாவது நோயையோ குறையையோ சொல்லிக் கூப்பிடுகிறார்களா? அவர் பெயர் என்ன? எழுதுங்கள்.