நாணயத்தில் கண்ட நாணயம்

பண்டைய உரோமர் பல தெய்வங்களை வணங்கினர். வானுக்கு ஜூபிற்றர், போருக்கு மார்ஸ், கடலுக்கு நெப்டியூன், வாசலுக்கு ஜேனஸ் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம். நாம் எழுதும் ஜனவரியும் மார்ச்சும் ஜேனஸ், மார்ஸ் பெயர்களில் வந்தவையே. "நமக்கு ஏன் இந்தப் பாடம்?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நான் கற்றதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஜூபிற்றரின் மனைவி ஜூனோ. அவளுக்கு மொனேற்றா என்றொரு பெயரும் உண்டு. கி.மு. 344இல் உரோமின் கப்பிட்டோலியக் குன்றில் அப்பெயரால் ஒரு கோயில் எழுந்தது. பின்னர் அதனருகே நாணயச்சாலை அமைந்தது. பணத்தைக் குறிக்கும் 'மனி' என்ற ஆங்கிலச் சொல் அப்பெயரிலிருந்தே பிறந்தது.

உரோமக் காசு நம் நாட்டுக்கும் வந்தது. கிளோடியஸ் பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54), செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அகப்பட்டு இலங்கையை வந்தடைந்தான் என்று பிளினி எழுதியுள்ளார். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளை நம் மன்னன் பார்த்தான். அவற்றில் வெவ்வேறு ஆட்சியாளரின் முகங்கள், நிறையோ ஒன்றே. அந்த நேர்மையை வியந்த மன்னன், நட்பை நாடி நால்வரை உரோமுக்குத் தூது அனுப்பினான்.

முகங்கள் மாறியும் நிறை மாறாததையே மன்னன் மதித்தான். கொழுந்து நிறுக்கும் தராசை நம்பிக் குடும்பங்கள் வாழும் புளத்கொகுபிட்டியவில் இதன் பொருள் எவருக்கும் எளிதில் விளங்கும். காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பதையும் தோழியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.