பதினான்கு ஊசி சொன்ன பாடம்

ஆர்.கே.புரம்,
புது தில்லி.

சிரஞ்சீவி கல்யாணிக்கு,

மலை மந்திர் கோயிலின் அடிவாரத்தில், உறக்கத்திலும் தாடையை மெல்வதுபோல் அசைத்துக்கொண்டும் ஒரு காலை விட்டுவிட்டு உதறிக்கொண்டும் கிடந்த நாய்க்குட்டியை நீ பார்த்துவிட்டுப் போனாயே, அதற்கு வந்திருப்பது டிஸ்டெம்பர் என்று மிருக வைத்தியர் சொன்னார். தட்டம்மைக் கிருமிக்குத் தாயாதியான அந்த வைரஸ், நரம்பிழைகளின்மேல் சுருள் சுருளாய்ப் படிந்திருக்கும் மயலின் என்னும் கொழுப்புறையைச் சிதைத்துவிடுவதால், மூளையின் உத்தரவுகள் பாதிவழியிலேயே தடுமாறிப்போகின்றன. மனிதருக்கு வரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலும் கெடுவது இவ்வுறையே. "இவ்வியாதிகளை ஆராய எலி போதாதா, ஆடும் நாயும் குரங்கும் எதற்கு?" என்று நீ கேட்டதற்கு, நாய்க்கடிக்கு எங்கள் தலைமுறையினர் தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்ட பதினான்கு ஊசியிலிருந்தே விடை தொடங்குகிறது.

1911ஆம் ஆண்டில் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த அந்த மருந்து, வெறிநோய்க் கிருமி ஏற்றிய பிராணியின் மூளையை அரைத்துக் கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று செய்யப்பட்டது. நம் நாட்டில் நெடுங்காலம் அதற்குச் செம்மறியாட்டு மூளையே பயன்பட்டது. எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆயினும் மிகச் சிலருக்கு, நாய்க்கடியின் விஷத்தால் அன்றி, ஊசியினாலேயே கைகால் விழுந்தது. ஆட்டு மயலினைப் பகையென்று கற்ற உடலின் காவற்படை, தன் சொந்த மூளையின் மயலினையும் தாக்கியதே காரணம்.

1933இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸும் தோழர்களும், கிருமியே கலவாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத்திரும்ப ஏற்றிப் பார்த்தபோது, அவற்றுள்ளும் சில முடங்கின. குற்றம் மூளைத்திசுவினுடையதே என்பது பிரத்தியட்சமாயிற்று.

பின்னர் இச்சோதனை, மலிவும் விரைவும் கருதி, எலியிடம் சென்றது. ஆனால் எலியின் மூளை மடிப்பற்றது. மயலின் செறிந்த வெண்பகுதியும் அதில் சொற்பமே. மனித மூளையிலோ அது ஏறத்தாழப் பாதி. மடிப்புகள் நிறைந்த ஆட்டு மூளையிலும் நாய் மூளையிலும்தான், புண்ணை ஆற்றப் புது உறை நெய்யும் செல்கள் கடக்கவேண்டிய தூரம் நமக்கு ஓரளவு நெருங்கி வருகிறது. நம்மைப் பரிசோதிக்கும் எம்.ஆர்.ஐ. கருவியிலேயே அவற்றின் வடுக்களையும் காணலாம்.

2004இன் இறுதியில் நம் நாடு ஆட்டு மூளை மருந்தைத் தயாரிப்பதை நிறுத்திற்று. எனினும், பிராணிகளைக் கொண்டு கற்பது நின்றுவிடவில்லை; அதில், சுகமாயிருக்கும் பிராணிக்கு வியாதியை உண்டாக்கிக் கற்பதைவிட, தானே வியாதியுற்ற பிராணிக்குச் சிகிச்சை செய்துகொண்டே கற்பது மேலென்று எனக்குப் படுகிறது. மிருக வைத்தியம் படிக்கப் போகும் நீ இதை மறவாதே.

குட்டி இன்று கொஞ்சம் பால் குடித்தது. அதன் உடன்பிறப்புகள் மூன்றுக்கும் நாளை தடுப்பூசி.

உன் அன்புள்ள,
தாத்தா