தேநீரின் துவர்ப்பும் இரத்தச் சோகையும்

தேநீர் அருந்துங்கால் நாவில் நிற்கும் துவர்ப்பு, கேட்டச்சின் முதலிய பாலிபீனால் பொருள்களால் உண்டாவதாகும். ஜப்பானில் மிச்சியோ சுஜிமுரா அம்மையார் 1929ஆம் ஆண்டில் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டச்சினைப் பிரித்தெடுத்தார். கொழுந்தைப் பறித்தபின் விரைவில் சூடேற்றுவதால் அவ்விலையில் அது மாறாதிருக்கிறது. நாம் அன்றாடம் பருகும் கறுப்புத் தேயிலையில் அது பெரும்பாலும் உருமாறினும் துவர்ப்பு அகல்வதில்லை.

இத்துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை ஈர்க்காதவாறு தடுக்கின்றன. பால்மரம் வெட்டச் செல்லுமுன் பசியாறும்போதே தேநீரும் பருகுவது நம் வழக்கம். நல்ல உடல்நிலை உள்ளோர்க்கு இதனால் பெருங்கேடில்லை. ஆனால், இரத்தச் சோகையுற்ற பெண்களும் கருவுற்ற தாய்மாரும் உணவுக்குப்பின் ஒரு மணி நேரமாவது கழித்தே தேநீர் பருகுதல் வேண்டும். மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையையும் தேநீரோடு விழுங்கலாகாது. உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தாலோ, அதிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேரும்.