தயிர் திடமா, திரவமா? நுரையையும் ஜெல்லையும் வகைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பொருளின் நிலைகள் மூன்று: திடம், திரவம், வாயு. பள்ளியில் இதைப் படித்த பிள்ளை வீட்டுக்கு வந்து, உறைந்த தயிரைக் காட்டி "இது எதுல சேத்தி?" என்று கேட்டால் பெரியவர்களே திணறிப்போகிறோம். பிள்ளை கேட்டது சரியான கேள்வி. தயிர், காபி நுரை, ஊறிய பாதாம் பிசின் எதுவும் ஒற்றை நிலையில் இருப்பதில்லை. ஒரு நிலைக்குள் இன்னொன்று சிக்கிக் கிடக்கிறது. "எந்த நிலை?" என்பதை விட்டுவிட்டு "எதற்குள் எது?" என்று கேளுங்கள். இதைக் கற்க ஒரு திருச்சி சமையலறை போதும்.

படி 1: கரைந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா?

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் உப்பைக் கரையுங்கள், மற்றொன்றில் சில சொட்டுப் பால் விடுங்கள். அறையை இருட்டாக்கி டார்ச் அடித்தால், பால் கலந்த நீரில் ஒளி போகும் பாதை பளிச்சென்று தெரியும், உப்புநீரில் தெரியாது. பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் கரையாமல் நுண்துகள்களாக மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. இத்தகைய கலவைதான் கூழ்மம். ஒளிச்சிதறலை ஆராய்ந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமன் பிறந்தது ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவில், திருவானைக்காவலில். இந்தச் சோதனையை நம் ஊர்ப் பிள்ளைகள் அவசியம் செய்து பார்க்க வேண்டும்.

படி 2: உள்ளே இருப்பது எது, தாங்குவது எது?

திரவத்துக்குள் வாயு இருந்தால் நுரை. திடத்துக்குள் வாயு இருந்தால் திட நுரை. ஃபோம் மெத்தை, தெர்மாகோல், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் எல்லாம் இதில் சேரும். திரவத்துக்குள் திரவம் பால்மம். திடமான வலைக்குள் திரவம் சிக்கியிருந்தால் ஜெல். வாயுவுக்குள் வாயு என்றொரு வகை கிடையாது, ஏனென்றால் வாயுக்கள் முழுமையாகக் கலந்துவிடும்.

படி 3: நுரையைப் பிடித்து வைப்பது யார்?

வெறும் தண்ணீரை எவ்வளவு ஆற்றினாலும் நுரை நிற்காது. பால் சேர்த்த ஃபில்டர் காபியை டபராவிலிருந்து டம்ளருக்கு உயரத் தூக்கி ஆற்றினால் நிற்கிறது. பாலின் புரதங்கள் ஒவ்வொரு குமிழின் மேலும் படலமாகப் படிந்து, அது உடையாமல் காக்கின்றன. சோப்பும் சீயக்காயும் செய்வது இதே வேலைதான். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைக் கரையாத கசடாக மாற்றிவிடுவதே.

காவிரியில் முக்கொம்பு அணையின் மதகுகளுக்குக் கீழே தண்ணீர் சுழித்து விழும் இடத்தில் நுரை ஒதுங்கினால் அதையும் பாருங்கள். பழுப்பேறி மண் வாடை அடித்தால் மக்கிய இலைதழைகளின் வேலையாக இருக்கலாம். வெள்ளையாக, சோப்பு வாசனையோடு இருந்தால் சலவைத்தூளைச் சந்தேகியுங்கள். காவிரியைக் குடிநீராகக் கொண்ட ஊருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: இட்லியை ஆராயுங்கள்

நுரைப் பாடத்தை இட்லியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இரவில் அரைத்து வைத்த மாவில் பாக்டீரியாக்கள் பெருகி கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. உளுந்தின் புரதமும் கொழகொழப்பும் அந்த வாயுவைத் தப்பவிடுவதில்லை. காலையில் பொங்கிய மாவில் கரண்டியை மெல்ல இறக்கித் தூக்கினால், ஓரத்தில் குமிழ்கள் இழையிழையாக நீண்டு உடைவது தெரியும். அது திரவ நுரை.

அதையே தட்டில் ஊற்றி ஆவியில் வைக்கிறோம். சுமார் 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கி இறுகுகிறது, புரதமும் கெட்டிப்படுகிறது. பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் திரவ நுரை திட நுரையாகிவிடுகிறது. வெந்த இட்லியைப் பிட்டுப் பாருங்கள்: துளைகள் ஒன்றோடொன்று திறந்து கிடக்கும். சாம்பார் உள்ளே இறங்குவது அதனால்தான். தெர்மாகோலின் அறைகள் மூடியவை. அதனால் அது தண்ணீரைக் குடிப்பதில்லை. இன்னும் கூர்ந்து பார்த்தால், இட்லியின் துளைகளில் இருப்பது வாயு, துளைகளைச் சூழ்ந்த சுவரோ நீரைப் பிடித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஜெல்!

படி 5: ஜெல்லைச் சூடாக்கிப் பாருங்கள்

பால் தயிராகும்போது லாக்டிக் அமிலம் ஏறி, கேசீன் புரதம் வலையாகப் பின்னிக்கொள்கிறது. கரண்டியால் ஒரு பக்கம் வெட்டி எடுத்துவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். பள்ளத்தில் மஞ்சள் கலந்த பச்சைத் தெளிநீர் ஊறி நிற்கும். வலை அறுந்த இடத்தில் கசிந்த நீர் அது. தயிரைச் சூடாக்கினால் திரியுமே தவிர, திரும்பப் பாலாகாது.

கடல்பாசி அப்படியல்ல. மன்னார் வளைகுடாப் பக்கம் எடுக்கும் சில செம்பாசிகளிலிருந்து கிடைக்கும் அகர் அது. நூறு மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம் போதும். கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிட்டால் 35 முதல் 40 டிகிரிக்குள் உறையும்; ஆனால் மறுபடி உருக 85 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும். ஜெலட்டின் ஜெல்லி 35 டிகிரியிலேயே இளகிவிடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியின் மே மாதத்தில் மேசைமேல் வைக்க ஏற்றது கடல்பாசிதான்.

படி 6: குழப்பினால் எல்லாப் பெயரையும் எழுதுங்கள்

சவர நுரையில் பெரும்பங்கு வாயு, மீதி திரவம். இருந்தும் உள்ளங்கையில் குன்றாக நிற்கிறது. குமிழ்கள் நெருக்கியடித்து ஒன்றையொன்று நகரவிடாததால் வரும் விறைப்பு அது. தொட்டால் நிற்கிறது என்பதற்காகத் திடம் என்று எழுதிவிடாதீர்கள். ஐஸ்கிரீமில் காற்றுக்குமிழும் கொழுப்புத்துளியும் பனிப்படிகமும் சர்க்கரைப்பாகுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. நுரை, பால்மம் இரண்டையும் எழுதி, பனிப்படிகத்தைத் திடம் என்று தனியாகக் குறித்துவையுங்கள்.